கொம்பும் காலும் எழுத்தில்லையாம்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் காலை நீட்டிய நேரம், அண்ணன் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு. பள்ளியில் பைத்தான் என்ற நிரல்மொழி நடக்கிறது. ஒரு சொல்லைப் பின்னாலிருந்து படித்தாலும் அதே சொல்தானா என்று பார்த்துச் சொல்லும் நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். நிரல் எழுதப் பழகியவர்கள் பெரும்பாலும் எல்லோருமே ஒரு நாள் எழுதிப் பார்த்ததுதான். ஆங்கிலத்தில் 'மேடம்' என்று கொடுத்தால் ஆமாம் என்கிறது. 'மலையாளம்' என்று ஆங்கிலத்தில் கொடுத்தாலும் ஆமாம். வீட்டுப்பாடம் அதோடு முடிந்தது. ஆனால் இவளுக்குக் கை சும்மா இருக்குமா? தமிழ் விசைப்பலகைக்கு மாறி 'விகடகவி' என்று அடித்திருக்கிறாள்.

"சித்தப்பா, இது இல்லைன்னு சொல்லுது. விகடகவியே இல்லைன்னா வேற எதுதான் ஆமாம்னு வரும்?"

எழுத்துப்பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிழை எதுவும் இல்லை. திருப்பிப் போட்ட சொல்லைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தோம். வந்தது இது:

ிவகடகிவ

கடைசி 'வி'யின் கொக்கி ஆளில்லாமல் முன்னால் வந்து ஒரு புள்ளிவட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் 'வி'யின் கொக்கியோ பக்கத்திலிருந்த 'க'வின் தலையில் ஏறி அதைக் 'கி' ஆக்கிவிட்டது. சீகாழியில் சம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே, அதாவது பின்னாலிருந்து படித்தாலும் அதுவே வரும்படி, பாடிவைத்திருக்கிறார். இந்த நிரலிடம் கொடுத்தால் அவரும் தேறமாட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் வெட்கக்கேடானது, அதைப் பின்னால் சொல்கிறேன். கணினியைப் பொறுத்தவரை 'வி' என்று ஓர் எழுத்து கிடையாது. 'வ'வுக்கு ஓர் எண், அதன் பின்னால் வரும் கொக்கிக்கு வேறோர் எண். திரையில் காட்டும்போது எழுத்துரு இரண்டையும் சேர்த்து ஒன்றாக வரைகிறது, நம் கண் ஏமாந்துவிடுகிறது. 'தமிழ்' என்று எழுதினால் உள்ளே த, ம, கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியெண்கள். ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட் பிடிக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், கிரேக்கம், ரஷ்யன், அரபுக்கு இரண்டு, நமக்கு மூன்று. ஆக ஐமூணு பதினைந்து.

இதனால் ஒரு வேடிக்கை. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் 3. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டாலும் 3. பைத்தானிடமும் ஜாவாஸ்கிரிப்டிடமும் கேட்டால் 5. கோ மொழியிடமும் ரஸ்ட்டிடமும் நீளம் கேட்டால் 15. யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு எதையோ எண்ணுகிறது. எதை எண்ணுகிறது என்று கேட்காமல் அந்த எண்ணை வாங்கிப் பயன்படுத்துகிற ஆள் நிரலர். அதாவது நான்.

அந்த வெட்கக்கேட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு நிதி அமைப்புக்காக உறுப்பினர் அட்டை அச்சிடும் மென்பொருள் செய்தோம். உறுப்பினர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பெயர் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். தரவுத்தளத்தில் பெயருக்கு 30 என்று இடம் ஒதுக்கினோம். 30 எழுத்து என்பது எங்கள் நினைப்பு. அந்தத் தரவுத்தளம் அதை 30 பைட் என்று எடுத்துக்கொண்டது. கொஞ்சம் நீளமான பெயர் வந்தால் உடனே பிழை காட்டி நின்றது. பிழை வந்ததும் எங்கள் குழுவில் ஒருவர், 30 பைட்டுக்கு மேல் போனால் வெட்டிவிடு என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒருவர் நான்தான்.

30 பைட் என்றால் பத்துக் குறியெண். 'முத்துலட்சுமி' என்ற பெயரில் எழுத்து ஏழு, குறியெண் பதின்மூன்று. பத்தோடு வெட்டினால் 'முத்துலட்ச' என்று நிற்கும். அட்டை கொடுக்கிற நாளில் ஏதாவது சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ள என்னையும் அனுப்பியிருந்தார்கள். ஓர் அம்மா அட்டையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் வாங்கினது பதினஞ்சாயிரம்தானே? முத்து லட்சம்னு போட்டிருக்கே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடன் அட்டையில் லட்சம் என்று இருந்தால் அது சிரிக்கிற விஷயமும் இல்லை. அன்று இரண்டு பெட்டி அட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். விஜயலட்சுமிகள், பாலசுப்பிரமணியன்கள், தமிழ்ச்செல்விகள் எல்லோரும் அந்தப் பெட்டியில் அரைகுறையாகப் படுத்திருந்தார்கள்.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. எங்கள் குழுவில் பத்துப் பேர், பத்துப் பேரும் தமிழர்கள். ஆனால் நாங்கள் சோதித்துப் பார்க்க அடித்த பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் 'டெஸ்ட் ஒன்', 'ஏபிசி', ரவிக்குமார். பெயர்ப் பெட்டியில் தன் அம்மாவின் பெயரைத் தமிழில் அடித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே வேலையில் குறுஞ்செய்தியும் இருந்தது. ஓர் எஸ்எம்எஸ் என்பது 140 பைட். ஆங்கிலம் என்றால் எழுத்துக்கு ஏழு பிட் போதும், 160 எழுத்து போகும். தமிழ் என்றால் குறியெண்ணுக்கு 16 பிட், ஆகவே 70. அந்த 70-உம் நம் எழுத்து இல்லை, குறியெண். முத்துலட்சுமி விகிதத்தில் கணக்குப் போட்டால் 37 எழுத்துதான் தேறும். 'உங்கள் கடன் தவணை' என்று தொடங்கி, தொகையையும் தேதியையும் கிளை பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் மூன்று செய்தி ஆகிவிடும், மூன்றுக்கும் காசு. கடைசியில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் படித்துச் சொல்லிவிடுவார்கள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

சரி, இப்படி உடைத்து வைத்தது யார்? தமிழ்க் கணிமைக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால் டீ ஆறிப்போகும்வரை சண்டை நடக்கும். சுருக்கமாகச் சொன்னால், 1988-இல் இந்திய மொழிகளுக்காக வந்த இஸ்கி என்ற குறியேற்றத்தின், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையின், வரிசையை, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோட் 1991-இல் தன் முதல் பதிப்பில் எடுத்துக்கொண்டது. தேவநாகரிக்கு என்ன வரிசையோ அதே வரிசைதான் தமிழுக்கும். இன்றைக்கும் யூனிகோட் அட்டவணையில் தமிழ்ப் பகுதியைத் திறந்து பார்த்தால் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். இந்தியில் உள்ள மற்ற மூன்று ககரங்களுக்காகப் போட்டது. நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை. மொத்தம் 128 இடம், அதில் 72 மட்டும் நிரம்பியிருக்கிறது.

வரிசையும் நம் வரிசை இல்லை. 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற'. குறியெண்ணை நம்பி அகரவரிசைப்படுத்தினால் பெயர்ப்பட்டியல் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி வராது. இதைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. நம் இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை. 'க்' இருக்கிறது, அதோடு அகரம் சேர்ந்தால் 'க'. யூனிகோடில் இது தலைகீழ். 'க'தான் அடிப்படை, அதன் தலையில் புள்ளி வைத்து அகரத்தைத் துரத்தினால் 'க்'. அட்டவணையில் புள்ளியின் பெயர்கூட வடமொழியில் விராமம் என்றுதான் இருக்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இயல்பு என்று தொல்காப்பியம் சொன்னதை அந்த வடிவமைப்பில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் டேஸ்-16. உயிர், மெய், உயிர்மெய் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஓர் எண். 247-ஐயும் வரிசையாக அடுக்கி வைத்தது. விகடகவி அதில் ஒரே அடியில் தேறும். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டபோது, யூனிகோட் சரிப்படாத இடங்களுக்கு டேஸ்-16 என்றும் சொன்னது. அதற்கு முன்பு டிஸ்கி, டாப், டாம், பாமினி, வானவில் என்று ஒவ்வொரு எழுத்துருவும் தனி ராஜ்ஜியம். ஒருவர் அனுப்பிய கோப்பை இன்னொருவர் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் மாநாடு கூட்டித்தான் பொதுவான குறியேற்றம், பொதுவான விசைப்பலகை என்றெல்லாம் பேசவே முடிந்தது. தமிழ்99 விசைப்பலகை அந்தச் சென்னை மாநாட்டில் வந்ததுதான். இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். டேஸ்-காரர்கள் சொன்னது இலக்கணப்படி சரி. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் குடியிருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், உலகம் அதைக் கண்டுகொள்ளாது. அந்த முறையில் எழுதிய உரையை என் கைப்பேசியில் திறந்தால் பெட்டி பெட்டியாகத்தான் வரும். எங்கும் கொண்டுபோக முடியாத சரியான முறையைவிட, எல்லா ஊரிலும் செல்லுபடியாகும் கோணல் முறை மேல் என்பது என் கட்சி. யூனிகோட் தப்பாக வைத்தது என்று 20 வருஷம் பேசினோம். அந்த 20 வருஷத்தில் நம் மென்பொருள்களில் தமிழ்ப் பெயர் உடையாமல் போகிறதா என்று பார்த்திருந்தால் அந்த அம்மாவின் அட்டையில் 'மி'யாவது மிஞ்சியிருக்கும்.

ஏனென்றால் பிரித்து வைத்ததில் பெரிய ஆபத்து இல்லை. பிரித்தவற்றுக்கு வைத்த பெயரில்தான் இருக்கிறது. யூனிகோட் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு வகை எழுதி வைத்திருக்கிறது: இது எழுத்து, இது எண், இது நிறுத்தக்குறி என்று. 'க' எழுத்து. 'அ' எழுத்து. கால், கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் எழுத்தில்லை, 'குறி' என்று வேறொரு வகை. பிரெஞ்சில் ஈ என்ற எழுத்தின் தலையில் சாய்கோடு போடுவார்களே, அதுவும் இந்த வகைதான். அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டாலும் பிரெஞ்சுக்காரர் எப்படியோ படித்துவிடுவார். நம் 'பல்'லில் புள்ளியை எடுத்தால் 'பல' ஆகிவிடும். 'மணி'யில் கொக்கியை எடுத்தால் மண வாடைதான் மிஞ்சும்.

ஐரோப்பிய மொழிகளுக்காக எழுதிய ஒரு சின்ன நிரல் துண்டு இணையம் முழுக்கச் சுற்றுகிறது. தலைப்பிலிருந்து இணைய முகவரி உண்டாக்க, எழுத்தின் மேல் இருக்கும் அலங்காரங்களை நீக்கும் துண்டு. யூனிகோட் குறிகளில் இடம் பிடிக்காத வகை என்று ஒன்று உண்டு, அதையெல்லாம் தூக்கு என்பதுதான் அதன் சாரம். தமிழில் அந்த வகைக்குள் புள்ளியும் ஈகாரச் சுழியும் வருகின்றன. ஆக 'தீ' என்று தலைப்பு வைத்தால் முகவரியில் 'த' என்று வரும். தீயணைப்பு வண்டிகூட இவ்வளவு வேகமாக அணைத்ததில்லை.

பைத்தானிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, இது முழுக்க எழுத்தால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்கிறது. அதே பைத்தான், நிரலில் மதிப்பைப் போட்டுவைக்கும் மாறி ஒன்றுக்கு 'தமிழ்' என்று பெயர் வைத்தால் தாராளமாக வைத்துக்கொள் என்கிறது. 2008-இல் வந்த பைத்தான் 3-லிருந்தே அதற்கு அனுமதி உண்டு. பெயராக வைக்கலாமாம், எழுத்து மட்டும் இல்லையாம். 'பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்' என்று சிவப்பில் மிரட்டும் படிவங்கள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு சோதனைதான் உட்கார்ந்திருக்கிறது. பெயர் முழுக்க அகரமாகவே இருந்தால்தான் தேற முடியும். பரத என்று பெயர் இருந்தால் பிழைத்தீர்கள், பரத் என்றால் முடிந்தது கதை.

உரையைச் சொற்களாகப் பிரிப்பதற்கு நிரலர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறோம். தேடல் கோவையில், அதாவது உரையில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் குறிவரியில், ஒரு பின்சாய்கோடு, ஒரு டபிள்யூ. 'சொல்லில் வரக்கூடிய எழுத்து' என்று அதற்குப் பொருள். பெர்ல் மொழியில் இது குறிகளையும் சேர்த்துக்கொள்ளும். பைத்தானோடு வரும் தேடல் நூலகத்தில் (நூலகம் என்றால் எடுத்தாளத் தயாராக இருக்கும் நிரல்தொகுப்பு) சேர்த்துக்கொள்ளாது. 2011-லேயே இதை வழு என்று பதிந்திருக்கிறார்கள். அதில் 'தமிழ்' என்பதைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு வரும். கொக்கியும் புள்ளியும் சொல்லுக்கு நடுவே வரும் காற்புள்ளி மாதிரி, வெட்டுகிற இடம்.

இதுவும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். சில வருஷங்களுக்கு முன்பு, இத்தனை நாளாக எதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று பார்க்க ஆசை வந்து, என் பதிவுகள் அனைத்தையும் சேர்த்துச் சொல்மேகம் ஒன்று போட்டேன். அதிகம் வரும் சொல் பெரிதாகவும் குறைவாக வருவது சிறிதாகவும் தெரியுமே, அந்தப் படம். முதல் தடவை வெறும் பெட்டிகள். தமிழ் எழுத்துருவைக் காட்டிக் கொடுத்ததும் படம் வந்தது. நட்டநடுவே, படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற சொல்: 'கள'.

அவர்கள், நாங்கள், பதிவுகள், மனிதர்கள் எல்லாவற்றிலிருந்தும் வாலைப் பிய்த்து, புள்ளியைத் தட்டிவிட்டு, எண்ணி வைத்திருந்தது. ஒரு புள்ளி மட்டும் மிச்சம் இருந்திருந்தால் நான் பத்து வருஷமாக எதைப் பற்றி எழுதிவருகிறேன் என்று ஊரார் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள். பக்கத்திலேயே 'தத' என்று ஒன்று. வந்தது, இருந்தது, நடந்தது எல்லாவற்றிலிருந்தும் உதிர்ந்தது அது. இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இயந்திரக் கற்றலுக்கு ஆராய்ச்சி மாணவர்கள் பயன்படுத்தும் சைகிட்-லேர்ன் நூலகத்தின் சொல்லெண்ணியும் முன்னிருப்பாக இதே குறுக்குவழியில்தான் வெட்டுகிறது, ஒற்றையாக நிற்கும் எழுத்தைத் தள்ளியும்விடும். 'தமிழ்' அங்கே வெறும் 'தம'. அமைப்பை மாற்றாமல் தமிழ் விமர்சனங்களை அதில் போட்டு, நல்லது கெட்டது பிரித்தேன், துல்லியம் இத்தனை விழுக்காடு என்று யாராவது சொன்னால், எதைப் படித்து அந்தத் துல்லியம் வந்தது என்று கேட்கத் தோன்றும்.

இப்போது ஏஐ. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ என்ற ஏஐ மாதிரியை வெளியிட்டபோது எல்லோரும் அது பேசுகிற குரலைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த அறிவிப்பின் கீழே கிடந்த ஒரு சின்னப் பட்டியல்தான் கண்ணில் பட்டது. இந்த மாதிரிகள் உரையை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை, டோக்கன் என்று துண்டு துண்டாக நறுக்கித்தான் விழுங்கும். நிரலர்களுக்குக் கட்டணமும் டோக்கன் கணக்கில்தான், ஒரே சமயத்தில் எவ்வளவு நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதும் டோக்கன் கணக்கில்தான். ஒரு சிறு அறிமுக வாக்கியத்தைப் பல மொழிகளில் கொடுத்து, பழைய முறையில் எத்தனை துண்டு, புதியதில் எத்தனை என்று அங்கே போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் 27 துண்டு, 24 ஆகியிருந்தது. தமிழில் 116 இருந்தது, 35 ஆகியிருந்தது.

3.3 மடங்கு குறைத்துவிட்டோம் என்று அவர்கள் மகிழ்ச்சியாக எழுதியிருந்தார்கள். எனக்குக் கண் போனது 116-இல். அதுவரை அதே விஷயத்தைத் தமிழில் சொல்ல ஆங்கிலக்காரரைப் போல் நாலு மடங்குக்கு மேல் துண்டு, நாலு மடங்குக்கு மேல் காசு. எஸ்எம்எஸ் காலத்துக் கணக்கு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அந்த நறுக்கும் நிரல் திறந்த மூலம். டிக்டோக்கன் என்று பெயர், யாரும் படிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். நறுக்குவதற்கு முன்னால் உரையைச் சொற்களாகப் பிரிக்க ஒரு தேடல் கோவை இருக்கிறது. ஜிபிடி-4 காலத்துக் கோவையில் சொல் என்பதன் வரையறை: எழுத்து வகையைச் சேர்ந்தவை அடுத்தடுத்து வருவது. வெறும் எழுத்து. குறி இல்லை. 'தமிழ்' அதில் எப்படிப் பிரியும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். 'தம' ஒன்று, கொக்கியோடு ஒட்டிய 'ழ' ஒன்று, தனியாகப் புள்ளி ஒன்று. 'ம'வுக்குச் சொந்தமான கொக்கி அதை விட்டுவிட்டு அடுத்த ஆளோடு போய்விட்டது. திண்ணையில் விகடகவியின் கொக்கி 'க'வின் தலையில் ஏறியதைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். இப்படிப் பிரித்த துண்டுகளுக்கு உள்ளேதான் டோக்கன் உருவாக முடியும், துண்டைத் தாண்டி உருவாகாது. ஆகவே எத்தனை கோடித் தமிழ்ப் பக்கங்களைக் கொடுத்துப் பழக்கினாலும் 'தமிழ்' என்ற சொல் அந்த முறையில் ஒரே டோக்கனாக ஆகவே முடியாது. 'அம்மா'வும் ஆகாது. இணையத்தில் தமிழ் குறைவு, அதனால்தான் ஏஐ-க்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று நாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. ஜிபிடி-4ஓ-வின் கோவையில் எழுத்து வகைகளுக்குப் பக்கத்தில் எம் என்று ஓர் எழுத்தைச் சேர்த்திருக்கிறார்கள். குறி வகையின் சுருக்கம் அது. டோக்கன் பட்டியலும் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகப் பெருகியது, குறைந்ததில் பெரிய பங்கு அதற்கு இருக்கலாம். ஆனால் அந்த எம் இல்லாமல் பட்டியலைப் பத்து லட்சமாக்கினாலும் புள்ளி வைத்த ஒரு சொல் முழுசாக உள்ளே போயிருக்காது. பழைய கோவையை மெட்டாவின் லாமா-3 என்ற ஏஐ மாதிரியும் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டது. ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் நகலெடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நான் சேர்த்த வெட்டும் வரியும் யாருடைய நிரலிலாவது உயிரோடு இருக்கும்.

பொருத்தமாகச் செய்த இடங்களும் உண்டு. கைப்பேசியில் 'மி' என்று அடித்துவிட்டு அம்புக்குறியால் நகர்ந்தால் 'மி' முழுசாக ஒரே தாவலில் கடக்கும். ஆனால் அழிக்கும் விசையைத் தட்டினால் கொக்கி மட்டும் போய் 'ம' நிற்கும். 'மி'யை 'மு' ஆக்க வேண்டுமென்றால் முழுசாக அழிக்க வேண்டியதில்லை. நகரும்போது எழுத்தாகவும் அழிக்கும்போது குறியாகவும் ஒரே உரையை இரண்டு விதமாக எண்ணுகிறது. இந்திய எழுத்துகளில் தட்டச்சு செய்து பழகிய யாரோ ஒருவர் யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். அந்த மாதிரி ஆள் எல்லாக் கூட்டத்திலும் உட்கார்ந்திருப்பதில்லை.

அதேபோல், 3 என்று சொல்லும் ஸ்விஃப்ட்டை நம்பியும் தூங்கிவிட முடியாது. 'ஸ்ரீ' திரையில் ஒன்றாகத்தான் தெரிகிறது, அது இரண்டு என்று எண்ணும். 'க்ஷ'வும் இரண்டு. வடமொழிப் பிரியர்கள் ஒன்று என்பார்கள், தமிழாசிரியர் அது எழுத்தே இல்லை என்பார். இந்தப் பஞ்சாயத்தை எந்த மொழிக்குழுவும் தீர்த்து வைக்கப்போவதில்லை.

திண்ணைக்கு வருகிறேன். அண்ணன் மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போயிருப்பாள். முத்து அண்ணாமலை முதலியோர் செய்த ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் இருக்கிறது, சொல்லைக் கொடுத்தால் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் என்றேன். "ஸ்கூல் லேப்ல நெட் கிடையாது சித்தப்பா" என்றாள். பிறகு அவளே எழுதினாள். சொல்லை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வா. குறி வகையாக இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புது எழுத்து. கடைசியில் அந்தப் பட்டியலைத் திருப்பு. எந்த வகை என்று சொல்ல பைத்தானுக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. மொத்தம் ஏழு வரி. விகடகவி ஆமாம் என்று வந்தது. உடனே 'தேரு வருதே' என்று அடித்தாள். இல்லை என்றது. நான் வாயைத் திறப்பதற்குள், "ஓ, நடுவுல ஸ்பேஸ்" என்று தலையில் அடித்துக்கொண்டு அதையும் நீக்க ஒரு வரி சேர்த்தாள்.

"ரெக்கார்டு நோட்டுல எதை எழுதறது? புக்குல இருக்கற மாதிரிதான் இருக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

"புத்தகத்தில் இருப்பதையே எழுது. இடது பக்கம் வெளியீடு எழுதுவாய் இல்லையா, அங்கே என்ன வந்ததோ அதை எழுது."

போன வாரம் போன் பண்ணினாள். வலது பக்கம் புத்தகத்து நிரல். இடது பக்கம் பென்சிலால் 'மேடம்: ஆமாம்', அதற்குக் கீழே 'விகடகவி: இல்லை'. மிஸ் அந்த 'இல்லை'யைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை லேபில் எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டுமாம். அந்த ஏழு வரியை எங்கே சேமித்தாள் என்று தெரியவில்லை, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள்.